வெயில் காசு

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வெயில் காசு தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பாயை விரித்துப் படுத்தால், ஓடு விலகிய ஏதோ ஒரு சந்திலிருந்து வெளிச்சக் கோடு ஒன்று இறங்கி, சிவப்புச் சிமென்ட் தரையில் வட்டமாக விழுந்திருக்கும். கையை நீட்டினால் உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும். கண்ணயர்ந்து விழித்தால் பாயைத் தாண்டி எங்கோ போயிருக்கும். மேலே உள்ள சந்து கோணல்மாணலாக இருக்கிறது. கீழே விழுவது மட்டும் எப்படி இவ்வளவு நேர்த்தியான வட்டம்? இந்தக் கேள்வியைக் கேட்காமலே பல தலைமுறைகள் அந்தக் கூடத்தில் தூங்கி எழுந்திருக்கின்றன.

2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. மாட்டுப் பொங்கல், அன்றே தை அமாவாசை. காரைக்காலில் பகல் ஒரு மணி தாண்டியபோது, மாட்டுக்குப் பூசிய மஞ்சள் காய்வதற்கு முன்பே வெயில் சோர்ந்துபோனது. வழக்கம் பார்க்கும் வீடுகளில் அடுப்பு அணைந்திருந்தது. தண்ணீர்ப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பைத் துண்டு கிடந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே வானத்தில் சூரியனின் நடுப்பகுதியை நிலா மறைத்து, விளிம்பை மட்டும் மோதிரம்போல விட்டுவைத்திருந்தது. கடலூர் தொடங்கித் தெற்கே கன்னியாகுமரிவரை நீண்ட அந்த நிழல் பட்டைக்குள் காரைக்காலும் இருந்தது.

கதவைச் சாத்தியவர்கள் கிரகணத்தைத் தவிர்த்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். ஆனால் கூரையில் ஒரு சந்து இருந்த வீட்டுக்குள் கிரகணம் நேராக இறங்கி வந்திருக்கும். அன்று தரையில் விழுந்த வெயில் காசு நடுவில் ஓட்டை போட்ட காசு. ஏனென்றால் அது ஓட்டின் சந்தினுடைய வடிவம் அல்ல. எப்போதுமே சூரியனின் படம்தான்.

இந்த அத்தியாயம் அந்தப் படத்தைப் பற்றியது. கிரகணம் பார்க்கக் கடற்கரைக்கும் போக வேண்டாம், மலைக்கும் போக வேண்டாம். வீடே போதும்.

வீடு என்கிற கேமரா

முதலில் ஒரு சோதனை. கூரையில் கண்ணாடி ஓடு பதித்த வீட்டில், அதன் வழியே விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். அது நீள்சதுரமாக, ஓட்டின் வடிவத்திலேயே விழும். பக்கத்தில் சிறு சந்து வழியாக விழுவதோ வட்டம். இரண்டுக்கும் ஒரே சூரியன்தான், ஒரே கூரைதான். திறப்பு பெரிதாக இருந்தால் வெளிச்சம் திறப்பின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. திறப்பு மிகச் சிறிதாக இருந்தால் சூரியனின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது.

காரணம் எளிது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது. சூரியனின் மேல் விளிம்பிலிருந்து கிளம்பும் கதிர் துளையைக் கடந்து தரையின் ஒரு பக்கம் விழும். கீழ் விளிம்பிலிருந்து வருவது அதற்கு எதிர்ப்பக்கம் விழும். சூரியனின் ஒவ்வொரு புள்ளிக்கும் தரையில் ஒரு புள்ளி. எல்லாம் சேர்ந்து தலைகீழான ஒரு சூரியன். துளை பெரிதாகிவிட்டால் அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து, படம் கரைந்துபோகும்.

ஈராக்கின் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் வெளிச்சம் ஏன் பிறை வடிவில் இருக்கிறது, துளையைப் பெரிதாக்கினால் ஏன் வட்டமாகிவிடுகிறது என்பதே அந்த நூலின் கேள்வி. 1544 ஜனவரியில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை கெம்மா ஃபிரிசியுஸ் என்ற அறிஞர் இன்றைய பெல்ஜியத்தின் லூவென் நகரில் ஓர் இருட்டறைக்குள் இருந்தபடி பார்த்து, அந்த ஏற்பாட்டைப் படமாகவும் வரைந்து வெளியிட்டார். சுவரில் ஒரு துளை, எதிர்ச்சுவரில் தலைகீழ்ப் பிறை. அவ்வளவுதான் அவருடைய கருவி.

லத்தீனில் 'கேமரா' என்றால் அறை. 'கேமரா ஒப்ஸ்கியூரா' என்றால் இருட்டறை. அதையே பிரெஞ்சில் 'ஷாம்ப்ர் நுவார்' என்பார்கள். 1739 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்தச் சொல் அந்நியமானதல்ல. முதலில் அறைதான் கேமராவாக இருந்தது. பிறகுதான் அது பெட்டியாகி, கைக்கு அடங்கி, செல்போனின் முதுகில் பொட்டாக ஒட்டிக்கொண்டது.

நூற்றெட்டுக்கு ஒன்று

இந்தக் கேமராவுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் உண்டு. துளைக்கும் படம் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஏறக்குறைய 108-ஆல் வகுத்தால், சூரியப் படத்தின் விட்டம் கிடைக்கும். 1 மீட்டர் தூரம் என்றால் 9 மில்லிமீட்டர்; ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. 10 மீட்டர் என்றால் 9 சென்டிமீட்டர்.

2010-ன் அந்த மத்தியானத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். காரைக்காலில் வளையம் தெரிந்த நேரத்தில் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில் இருந்தது. கூரைச் சந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், சாய்வாக வரும் கதிர் தரையைத் தொட மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல் பயணம் செய்ய வேண்டும். விழும் சூரியனின் அகலம் மூன்றரை சென்டிமீட்டர்; பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது. சாய்ந்து விழுவதால் ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டு முட்டை வடிவாகத் தெரியும். வெள்ளை அட்டை ஒன்றைக் கதிருக்கு நேராகத் திருப்பிப் பிடித்தால் முட்டை வட்டமாகிவிடும்.

அன்று நிலாவின் வட்டம் சூரிய வட்டத்தில் விட்டத்தால் 92 சதவீதம் இருந்தது. அதனால் அந்தப் படத்தில் வளையத்தின் தடிமன் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. ஓட்டுச் சந்து அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்பதால் வளையம் மங்கித் தடித்து விழுந்திருக்கும். ஆனால் நடுவில் இருட்டு இருந்திருக்கும். துல்லியமான வளையம் வேண்டுமென்றால் துளையை நாமே செய்ய வேண்டும். 1 மீட்டர் தூரத்துக்கு 1 மில்லிமீட்டர் துளை, 3 மீட்டருக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதைவிடச் சிறிதாக்கினால் ஒளியே துளையின் விளிம்பில் சிதறிப் படத்தைக் கெடுக்கும். பெரிதாக்கினால் படம் வழியும்.

காசு ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதற்கும் இந்தக் கணக்கில் விடை உண்டு. பூமி சுற்றுவதால் சூரியன் வானத்தில் தன்னுடைய அகலம் அளவுக்கு நகர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. தரையில் விழும் படமும் அப்படியே. காசைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். அவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தால் காசு வட்டத்தை விட்டு முழுதாக வெளியேறியிருக்கும். பூமி சுழல்வதை வீட்டுத் தரையிலேயே பார்த்துவிடலாம்.

காரைக்காலுக்கு ஏன் மோதிரம்?

சூரியனின் விட்டம் ஏறக்குறைய 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர்; நிலாவினுடையது 3,474 கிலோமீட்டர். சூரியன் 400 மடங்கு பெரியது. ஆனால் தூரத்திலும் ஏறக்குறைய 400 மடங்கு தள்ளி இருப்பதால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. 'ஏறக்குறைய' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிலா பூமிக்கு அருகில் வரும் அமாவாசையில் சூரியனை முழுவதும் மூடிவிடும். தள்ளிப்போன அமாவாசையில் ஓரம் மிஞ்சும். மிஞ்சும் ஓரத்தைத்தான் கங்கண கிரகணம், வளைய கிரகணம் என்கிறோம்.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். மார்கழிப் பனியில் நடுங்கும்போதுதான் சூரியன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த நாட்களில் சூரிய வட்டம் ஒரு துளி பெரிதாகத் தெரிவதால், நிலா அதை மூடுவது இன்னும் கடினம். 2010 ஜனவரி 15-ல் நிலாவும் தொலைவில் இருந்தது. அதனால் வளையம் நெடுநேரம் நீடித்தது; இந்தியப் பெருங்கடலின் மேல் அதிகபட்சம் 11 நிமிடம் 8 விநாடி. அதைவிட நீண்ட வளைய கிரகணத்துக்கு உலகம் 3043-ம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். தனுஷ்கோடியில் அது பத்து நிமிடத்தைத் தொட்டது. நிழல் பட்டையின் வடக்கு ஓரத்தை நோக்கி இருந்த காரைக்காலில் அதைவிடக் குறைவு. வளையமும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தது.

அடுத்த வளையம் 2019 டிசம்பர் 26-ல் வந்தது. அதுவும் சூரியன் அருகில் இருக்கும் பருவத்தில்தான். கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று அந்தப் பட்டை போனது. காரைக்கால் அதன் வெளியே, மெல்லிய பிறை தெரியும் தூரத்தில் நின்றது. அன்று காலை எட்டு மணி தாண்டித் தொடங்கிய கிரகணம் ஒன்பதரையை ஒட்டி உச்சம் தொட்டது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களுக்கு டிசம்பர் 26 வேறு ஒரு நாள். சுனாமியின் 15-ம் ஆண்டு நினைவு நாளில் வானம் இப்படி மங்கியதை இரண்டோடு இரண்டு நாலு என்று கூட்டிப் பார்த்தவர்கள் உண்டு. கூட்டல் தவறு. 2004-ல் அலையை எழுப்பியது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நடந்த நிலநடுக்கம். அன்று அமாவாசைகூட இல்லை, பௌர்ணமி.

புள்ளிக் கோலமும் கைக்கண்ணாடியும்

ஓட்டு வீடுகள் குறைந்துவிட்டன. கான்கிரீட் தளத்தில் சந்து கிடைக்காது. கவலை இல்லை; கேமராவைச் செய்துகொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது புள்ளிக் கோல முறை. பழைய காலண்டர் அட்டையில் ஐந்து புள்ளி ஐந்து வரிசை என்று நேர்ப்புள்ளி வையுங்கள்; புள்ளிக்குப் புள்ளி இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு புள்ளியையும் ஊக்கால் குத்தித் துளையுங்கள். கிரகணத்தன்று மொட்டை மாடியில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையைத் தோளுக்கு மேல் பிடித்து, அதன் நிழலை ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் விழ வையுங்கள். இருபத்தைந்து பிறைகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி ஏன் என்றால், ஒவ்வொரு படமும் 9 மில்லிமீட்டர். இன்னும் நெருக்கினால் பிறையும் பிறையும் ஒட்டிக்கொள்ளும். பெயரின் எழுத்துகளைப் புள்ளிகளாகக் குத்திப் பிறைகளால் பெயர் எழுதும் பிள்ளைகளும் உண்டு.

அட்டைகூட இல்லாவிட்டால் வேப்ப மரத்தடி போதும். இலைக்கும் இலைக்கும் நடுவிலுள்ள இடுக்கெல்லாம் துளைகள்தான். சாதாரண நாளில் அவை தரையில் வட்ட வட்டமாக விழுவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிரகணத்தன்று மரத்தடி முழுக்கப் பிறைகள் சிந்திக் கிடக்கும். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடும். அதுவும் இல்லாத இடத்தில் இரண்டு கை விரல்களையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பிடித்தால், இடுக்குகளில் நான்கைந்து பிறைகள் தேறும்.

பெரிய படம் வேண்டுமா? முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை எடுத்து, ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்ட காகிதத்தால் மூடுங்கள். ஜன்னல் விளிம்பில் வெயில் படுமாறு வைத்து, அதன் ஒளியை அறைக்குள் திருப்பி, 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழ வையுங்கள். மற்ற ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால், 9 சென்டிமீட்டர் சூரியன் வீட்டுக்குள் தொங்கும். தெருவே வந்து உட்கார்ந்து பார்க்கலாம். இடம் பார்த்து நீங்கள் நகர வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியை மட்டும் ஒரு துளி திருப்பினால் போதும். ஒரே எச்சரிக்கை: அந்தக் கண்ணாடியின் ஒளி யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது.

தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் கிரகண நாட்களில் பள்ளி மைதானங்களில் காட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட எளிய ஏற்பாடுகளைத்தான்.

மஞ்சள் தண்ணீர் காப்பாற்றாது

அட்டையும் கண்ணாடியும் சூரியனின் படத்தைத்தான் காட்டுகின்றன. சூரியனையே நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குப் பத்திரமான அளவு என்பது சூரிய ஒளியில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு.

அகன்ற பாத்திரத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரையோ சாணம் கரைத்த தண்ணீரையோ வைத்து, அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது பழைய வழக்கம். தண்ணீரின் மேற்பரப்பு, உயரத்தில் இருக்கும் சூரியனின் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே என்ன கரைத்திருந்தாலும் மேற்பரப்பு திருப்பி அனுப்புவது அதேதான். நூற்றுக்கு இரண்டு என்பது லட்சத்துக்கு 2,000. பத்திரமான அளவைப்போல் 2,000 மடங்கு. எக்ஸ்ரே ஃபிலிம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பழைய நெகட்டிவ் எல்லாம் இந்த ரகம்தான். கூசாமல் தெரிகிறது என்பதே ஆபத்து. கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைந்தாலும், தெரியாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. சுடும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, பார்க்கும் இடத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் தெரியும். பலருக்கு அது மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்கு நிரந்தரம். 'முக்கால்வாசி மறைந்துவிட்டதே, இனி என்ன' என்ற நினைப்பும் தவறு. முழுச் சூரியன் முழு நிலாவைப்போல் நான்கு லட்சம் மடங்கு பிரகாசமானது. 99 சதவீதம் மறைந்த பிறகும் மிச்சமிருப்பது நாலாயிரம் பௌர்ணமி. வளைய கிரகணத்தில் வெறும் கண்ணால் பார்க்கத்தக்க நேரம் ஒரு விநாடிகூடக் கிடையாது.

நேரில் பார்க்க இரண்டே வழிகள். ஒன்று, ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் அச்சிட்ட கிரகணக் கண்ணாடி. போன கிரகணத்துக்கு வாங்கியது என்றால் கீறலோ மடிப்போ விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மற்றொன்று, 14-ம் எண் வெல்டிங் கண்ணாடி. மீன்பிடிப் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் கேட்டால் கிடைக்கலாம். ஆனால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அங்கே சாதாரணமாகப் புழங்கும் 10, 11-ம் எண் கண்ணாடிகள் சூரியனுக்குப் போதாது.

செல்போனை எங்கே நீட்டுவது?

உலகில் முதன்முதலாக முழுச் சூரிய கிரகணத்தைச் சரியாகப் படமெடுத்தவர் பெர்கோவ்ஸ்கி. 1851 ஜூலை 28, கோனிக்ஸ்பெர்க் நகரம், வெள்ளித் தகட்டில் 84 விநாடி வெளிச்சம் காட்டி எடுத்த ஒரே படம். பதினேழு ஆண்டு கழித்து, 1868 ஆகஸ்ட் 18-ல், முழு கிரகணத்தின் நிழல் குண்டூர் வழியாகப் போனபோது பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் அங்கே ஒரு பிரெஞ்சு வணிகரின் வீட்டில்தான் கருவிகளை நிறுத்தினார். அன்று அவர் பார்த்த நிறமாலைக் கோடுகள் சூரிய ஆராய்ச்சியின் போக்கையே மாற்றின. பெரிய அறிவியலும் சில நேரம் வீட்டிலிருந்து நடந்திருக்கிறது.

இன்று எல்லார் கையிலும் கேமரா. ஆனால் செல்போனைச் சூரியனுக்கு நேரே நீட்டி எடுத்தவர்கள் எல்லாரும் ஏமாந்திருப்பார்கள். வெள்ளைக் கறை ஒன்றுதான் கிடைத்திருக்கும். அதற்கும் அதே 108 கணக்குத்தான். லென்ஸின் குவியத் தூரத்தை 108-ஆல் வகுத்தால் உணரியில் விழும் சூரியனின் அளவு. செல்போனின் முதன்மை லென்ஸுக்குக் குவியத் தூரம் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சூரியனுக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. 300 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட பெரிய கேமராவிலேயே 3 மில்லிமீட்டரை எட்டாது.

ஆகவே செல்போன் வைத்திருப்பவருக்கு என் யோசனை: மேலே நீட்டாதீர்கள், கீழே நீட்டுங்கள். சுவரில் தொங்கும் 9 சென்டிமீட்டர் சூரியனை, தாளில் விழும் இருபத்தைந்து பிறைகளை, மரத்தடி மண்ணைப் படமெடுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். திரையில் பிறையின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை இரண்டு படி குறையுங்கள், விளிம்பு தெளியும். செல்போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று தொடக்கம் முதல் முடிவுவரை எடுத்தால், இருபது படங்களில் ஒரு கிரகணத்தின் முழு வாழ்க்கையும் உங்களிடம் இருக்கும். படத்தோடு நேரத்தையும் குறித்து வையுங்கள். நேரம் இல்லாத கிரகணப் படம் வெறும் அழகு. நேரம் இருந்தால் அது பதிவு.

பெரிய கேமரா உள்ளவர்கள் சூரிய ஃபில்டர் தாளை லென்ஸின் முன்புறம், காற்றில் கழன்றுவிடாதபடி ஒட்ட வேண்டும். கண் வைக்கும் பக்கம் ஒட்டக் கூடாது. லென்ஸ் குவித்த வெப்பம் அதை நொடியில் பொசுக்கிவிடும். வியூஃபைண்டரில் கண் வைக்காமல் திரையில் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, நேரம் ஆயிரத்தில் ஒரு விநாடி என்று தொடங்கி, மேலும் கீழும் இரண்டிரண்டு படி மாற்றி எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தின நாள் அதே நேரத்தில் முழுச் சூரியனை எடுத்துப் பழகுங்கள். சூரியன் தென்னை மறைவில் போகுமா, பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் குறுக்கே வருமா என்பது அன்றே தெரிந்துவிடும்.

இப்படி எடுத்துச் சேர்ப்பதன் அருமைக்குச் சாட்சி கொடைக்கானல். அங்குள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துவருகிறது. கிரகண நாள், சாதாரண நாள் என்ற பேதம் அதற்கு இல்லை. மேகம் விலகினால் படம்.

சோழியும் மேகமும்

மேகம் என்றதும் லெ ஜென்தீல் நினைவுக்கு வருகிறார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பியவர். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் ஆடும் கப்பலில் இருந்து பார்க்க நேர்ந்து, கணக்கு எதுவும் எடுக்க முடியவில்லை. எட்டாண்டு இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிக் காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயாராக நின்றபோது, அந்த அதிகாலையில் மேகம் மூடியது.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணம் கணிக்கும் முறையை உட்கார்ந்து கற்றார். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அவர்கள் முறையில் கணித்தபோது 41 விநாடிதான் குறைந்தது; ஐரோப்பாவின் புகழ்பெற்ற டோபியாஸ் மேயர் அட்டவணைகளோ 68 விநாடி கூடுதலாகக் காட்டின. 1825-ல் ஜான் வாரன் என்பவருக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், எழுதுகோல் தொடாமல், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் 4 நிமிடப் பிழைக்குள் வந்தது. நடுவும் முடிவும் அதைவிடத் தள்ளிப்போயின.

அந்த வாக்கிய மரபு காரைக்காலில் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வாக்கியப் பஞ்சாங்கப்படிதான். திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்று சொன்ன பெயர்ச்சி தங்களுக்கு 2026-ல்தான் என்று கோயில் தரப்பு அறிவிக்க வேண்டியிருந்தது. சனி எந்த ராசியில் இருக்கிறது என்பதில் இரண்டு பஞ்சாங்கங்கள் வாதாடலாம். கிரகணத்தில் வாதாட இடமில்லை. நேரம் சரியா தவறா என்பதைத் தரையில் விழும் காசே சொல்லிவிடும்.

வழக்கங்களில் ஒன்றையாவது நாமே சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கிரகணத்துக்கும் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி, செங்குத்தாக நிற்கிறது என்று செய்தி வரும். நிற்பது உண்மைதான். பூண் போட்ட உலக்கையின் அடி தட்டையாக இருந்து, எடையின் மையம் அந்த அடிக்கு நேர்மேலே வந்தால் அது நிற்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை, கிரகணம் எதுவும் இல்லாதபோது, அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை அதே பொறுமையோடு நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நிற்கும்.

மற்றபடி, கிரகண நேரத்தில் பள்ளிவாசலில் தொழுகைக்கு நிற்பதோ, முடிந்ததும் கடலில் முழுகுவதோ, தர்ப்பை போடுவதோ வானத்தைப் பார்ப்பதற்குத் தடையில்லை. திருநள்ளாற்று இறைவனின் பெயரிலேயே தர்ப்பைக் காடு இருக்கிறது. அந்தப் புல்லோடு அறிவியலுக்குப் பகை எதுவும் இல்லை. கதவைச் சாத்துகிறவர்களும் தாராளமாகச் சாத்தட்டும். இருட்டறை நமக்கு வேண்டியதுதான். கொரோனா ஊரடங்குக் கட்டுப்பாடுகள் முழுதாக விலகாத 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சூரிய கிரகணம் வந்தது. வட இந்தியாவில் வளையம். நமக்குச் சூரியனின் ஓரத்தில் ஒரு கடி. ஜன்னலில் ஒரு கைக்கண்ணாடி வைத்தவர்கள் எந்த விதியையும் மீறாமல் அதைப் பார்த்தார்கள்.

இனி வருபவை இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, ஆடி அமாவாசை. எகிப்தில் முழு கிரகணம். நமக்கு மாலையில், சூரியன் மேற்கே சரியும்போது பகுதி கிரகணம். அதற்கு மேற்கு ஜன்னலும் எதிர்ச்சுவரும் வேண்டும். 2031 மே 21, புதன்கிழமை, கத்திரி வெயில். வளையத்தின் பட்டை கேரளத்திலிருந்து மதுரைப் பக்கமாக வந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. காரைக்காலில் வளையம் இல்லை, மெல்லிய பிறை. நடுப்பகலை ஒட்டி, சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும். அதற்குக் கூரைதான் சரி. ஓடு மாற்ற ஆள் வரும்போது, கூடத்துக்கு மேலே உள்ள அந்த ஒரு சந்தை மட்டும் அடைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.